துருவ நட்சத்திரத்தின் உயரம்

"நீங்க வடக்க வேலைக்குப் போனது நல்லதாப் போச்சுப்பா. கிளாஸ்ல எனக்கு மட்டும்தான் ரெண்டு ஊர் அளவு கிடைக்கப் போகுது" என்றாள் மகள், போனில். "துருவ நட்சத்திரம் அங்க எத்தனை டிகிரி உயரத்துல தெரியுதுன்னு பாத்துச் சொல்லுங்க."

அவள் சொல்லித் தந்தபடியே அவர் பாகைமானியில் நூல் கட்டி, நுனியில் சாவியைத் தொங்கவிட்டு, மொட்டைமாடியில் நின்று அளந்தார். விளக்கைப் போட்டு எண்ணைப் படித்தார். சந்தேகம் தீர மறுபடியும் அளந்தார்.

"பதினொன்னு. சுத்தமாப் பதினொன்னு."

"இங்கயும் பதினொன்னுதாம்ப்பா." அவள் குரல் இறங்கியது. "வடக்க போகப் போக அது உயரணும். உங்க ஊருல இருபத்தெட்டாவது வரணும்னு மிஸ் சொன்னாங்களே."

வேலை போனதிலிருந்து வீட்டுக்குப் பொய்யாகவே சொல்லி வந்தவர், இன்றைக்குத்தான் பாடுபட்டு ஓர் உண்மையைச் சொல்லியிருந்தார்.

"கை ஆடிருச்சு கண்ணு. இருபத்தெட்டுன்னே போட்டுக்கோ."

"அது ஏமாத்து வேலைப்பா. இருங்க, நானும் மாடிக்குப் போய் இன்னொரு தடவை அளக்கறேன். நீங்களும் அளங்க."

படியேறும் சத்தம் கேட்டது. இப்போது போனில் மனைவி. குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"லைட்டை அணைச்சிட்டுக் கீழ இறங்கிடுங்க. பின்தெரு மாடிதானே, இங்கேருந்து நல்லாத் தெரியுது. இத்தனை நாளா என் கண்ணுல பட்டது போதும். அவ கண்ணுலயும் பட்டுடாதீங்க."