ஒரிஜினல் டிஸ்க்

எதிர் குவார்ட்டர்ஸில் கமாலுதீன் தன் கார் பந்தய கேம் டிஸ்க்கை மறுபடியும் பனியன் நுனியால் துடைக்கிறார். நெய்வேலியில் எது ஓடாவிட்டாலும் பழி நிலக்கரித் தூசி மேல்தான். நம் பிளாக்கிலேயே கேமை ஒரிஜினலாக வாங்கியது தான் ஒருவர்தான் என்று வருஷக்கணக்காகப் பெருமை பேசுகிறவர். பக்கத்து வீட்டு உமாராணியின் காப்பி டிஸ்க்கைத் திருட்டுச் சரக்கு என்று எல்லோர் எதிரிலும் சொல்லியிருக்கிறார். அவருடைய புதுக் கம்ப்யூட்டரோ, அவர் போட்ட டிஸ்க்கை உள்ளே சுற்றவிட்டுக்கொண்டே, ‘ஒரிஜினல் டிஸ்க்கைப் போடவும்’ என்கிறது. வெளியே எடுத்துச் சாய்த்துப் பார்க்கிறார். சாயங்கால வெயில் அதில் பட்டுச் சுவரில் வண்ணமாக நடுங்குகிறது. வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும் மனைவி மஹ்பூபா, “சுரங்க கேட்டுல பர்மனென்ட் தொழிலாளியையே யாருன்னு கேக்குற மாதிரி இருக்குது பாருங்க,” என்கிறாள். வாசலில் நிற்கும் உமாராணி சிரிக்காமல் இருக்கப் பாடுபடுகிறாள். “ஒரிஜினல்ல பூட்டு ஒண்ணு இருக்குதுண்ணா. புது கம்ப்யூட்டருக்கு அது புரியல. இதுல அந்தப் பூட்டையே எடுத்துட்டாங்க, போட்டுப் பாருங்க,” என்று தன் டிஸ்க்கை நீட்டுகிறாள். அவர் கை நீட்டவில்லை. “அங்க வச்சிட்டுப் போம்மா,” என்கிறார், கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே. அவள் படியிறங்குகிறாள். அவர் எழுந்து வந்து, இந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஜன்னலைச் சாத்துகிறார். வேப்பமரத்தில் காக்கைகள் அடங்குகின்றன. சாத்திய ஜன்னலுக்குள் கார் ஒன்று மெல்ல உறுமிக் கிளம்புகிறது.