தேவதூதனின் இடது கை

“கை வரையத் தெரியாதவங்க பண்ற வேலை இது! துணியைப் போட்டு மூடிட்டா முடிஞ்சுதா?”

டைட்டஸ் சார் போட்ட சத்தத்தில் வகுப்பே திரும்பிப் பார்த்தது. வேலூரில் ஆயில் பெயின்டிங் சொல்லிக்கொடுப்பவர். கை வரைவதில் மனுஷனுக்கு அப்படி ஒரு கர்வம்.

ஹெப்சி தலையைக் குனிந்துகொண்டாள். ஆஸ்பத்திரி நர்ஸ். ஞாயிற்றுக்கிழமை லீவை எல்லாம் இந்தத் தேவதூதன் படத்துக்கே கொடுத்திருந்தாள். கிறிஸ்துமஸ் கண்காட்சிக்கு வகுப்பிலிருந்து ஒரே ஒரு படம்தான் போகும். றெக்கை, அங்கி மடிப்பு எல்லாம் அவளுக்குத்தான் அம்சமாக வந்திருந்தது.

மாடலாக நிற்கும் பாரதி கீழே டீ குடிக்கப் போயிருந்தாள். மாதனூர்க்காரி, ஷூ கம்பெனியில் வேலை. பெட்ஷீட்டைச் சுற்றிக்கொண்டு, முதுகில் அட்டை றெக்கையைக் கட்டிக்கொண்டு ஆடாமல் அசையாமல் நிற்பாள், பாவம்.

“மத்தவங்க முன்னாடி உக்காந்திருக்காங்க, அவங்களுக்கு இடது கை துணிக்குள்ள மறையுது. உன் மூலையிலேர்ந்து நல்லா தெரியும் இல்ல? ஏன் போடல?”

“வரல சார்.”

“வரலன்னா கத்துக்கணும். ஏமாத்தக் கூடாது. இந்தப் படம் கண்காட்சிக்குப் போகாது, போ!”

ஹெப்சிக்குக் கண் கலங்கிவிட்டது.

சாருக்கு அப்படியும் ஆறவில்லை. பெயின்ட் கத்தியை எடுத்து, துணி வரைந்திருந்த இடத்தில் ஈரம் காயாத வெள்ளைப் பெயின்டைச் சரக்கென்று வழித்தார்.

அடியில், போன வாரமே போட்டுக் காய்ந்த கை ஒன்று இருந்தது. நரம்பும் நகமுமாக அச்சு அசல் பாரதியின் கை. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மட்டும் பாதியோடு நின்றிருந்தன.

சார் குனிந்து அந்த விரல்களைப் பார்த்தார்.

“கம்பெனி மெஷின்ல போயிடுச்சாம் சார்,” என்றாள் ஹெப்சி மெல்ல. “போன வாரம் பாரதி அக்கா இதப் பாத்துட்டாங்க. கையை பெட்ஷீட்டுக்குள்ள இழுத்துக்கிட்டாங்க. அப்புறம் டீகூட குடிக்கல.”

படியில் செருப்புச் சத்தம்.

“இன்னா சார், படம் முடிஞ்சிடுச்சா? நானும் பாக்கட்டா?” பாரதிதான்.

டைட்டஸ் சார் பதறிப்போய் பிரஷ்ஷை எடுத்தார். வெள்ளையை அள்ளி அந்தக் கைமேல் அப்பினார்.

“வாம்மா, வந்து பாரு. இதான் கண்காட்சிக்குப் போற படம்!”

பாரதியின் கண் நேராக அந்த இடத்துக்குத்தான் போனது.

“போன வாரம் இங்க ஒரு கை இருந்துச்சே சார்?”

வகுப்பு மொத்தமும் சாரையே பார்த்தது.

“சரியா வரலம்மா, மூடச் சொல்லிட்டேன். கை வரைய எனக்கே ஒழுங்கா வராது, இவளுக்கு எங்கேர்ந்து வரும்?”