ஆறு நாற்காலிகள்

“தலைவருங்க ஆறு பேர் உட்காரணும், மத்தவங்க பின்னால நிக்கணும். சங்கப் படத்துக்கு அதுதாங்க இலக்கணம்!” என்றார் படக்காரர் கனகராஜ்.

மலாயாவில், உலு திராம் பக்கத்து ரப்பர் தோட்டம் அது. கள்ளுக்கடையை மூடச் சொல்லி, தலைவர் இன்னார் எனத் தெரியாதபடி சங்கத்தார் எல்லாரும் வட்டமாகக் கைநாட்டு வைத்து மனுக் கொடுத்திருந்தார்கள். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை அதைச் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டதில் அவர்களுக்குப் பயம் தெளிந்திருந்தது. சமூகத்துக்குத் தம்மாலான சேவை என்று சொல்லி, கனகராஜ் ஜொகூர் பாருவிலிருந்து காமிராவோடு வந்திருந்தார்.

“நாற்காலியைக் கணக்கெழுதுற கிராணி நாம கேக்காமலே ஆபீசுலேருந்து அனுப்பிட்டாரு லா!” என்று பூரித்தார் சங்கத்துக்காரர் மணியம்.

அய்யாவு நாற்காலிகளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இருபது ஆண்டுகளாக அந்த ஆபீஸ் வாசலில் குந்தியே பழகியவர். சங்கக் கூட்டம் ஒன்றுக்கும் போனதில்லை, கள்ளையும் விட்டதில்லை.

“வீரமுத்து, ஒரே ஒரு தடவை நான் உட்கார்ந்துக்கறேன் தம்பி. ‘கடல் தாண்டினாலும் நீ கைகட்டித்தான் நிப்பே’ன்னான் எங்கண்ணன். அவனுக்கு இந்தப் படத்தை அனுப்பணும்.”

“கள்ளுக்குப் பொறந்த மனுசனுக்குச் சங்கத்து நாற்காலி கேக்குதா?” என்று இடித்தாள் அவர் மனைவி பேச்சியம்மாள். கூட்டம் சிரித்தது.

சங்கத்தைத் தொடங்கிய வீரமுத்து எழுந்து இடம் விட்டான். “உட்காருங்கண்ணே. நின்னாலும் நான் தலைவன்தான்.”

அய்யாவு வேட்டியை நீவிவிட்டு, நட்டநடுவில் கால்மேல் கால் போட்டு அமர்ந்தார்.

“அசையாதீங்க!” என்றது கறுப்புத் துணிக்குள்ளிருந்து ஒரு குரல். அய்யாவு மூச்சுக்கூட விடவில்லை.

பத்தாம் நாள், ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில், வரிசையாக நின்றவர்களுக்கு முன்னால் கிராணி படத்தோடு வந்து நின்றார்.

“நடுவுல உட்கார்ந்திருக்கிறது யாரு?”

அய்யாவு முந்திக்கொண்டு ஓடினார். முகம் எத்தனை தெளிவாக விழுந்திருந்தது! “நாந்தாங்க! நானேதான்!”

“மூட்டையைக் கட்டு. உட்கார்ந்த ஆறு பேரும் பொழுது சாயறதுக்குள்ள தோட்டத்தை விட்டுப் போயிரணும். துரை உத்தரவு.”

“ஐயோ சாமி, நான் சங்கத்துலயே இல்லைங்க! ஆசைக்கு உட்கார்ந்தேன். வேணும்னா வீரமுத்துவைக் கேளுங்க!”

பின்வரிசையில் நின்ற வீரமுத்து மண்ணைப் பார்த்தான்.

“படக்காரரையாவது கேளுங்க சாமி!”

“அவரை அனுப்பினதே துரைதான்யா,” என்றார் கிராணி. “இல்லேன்னா, கூலிக்காரன் உட்கார ஆபீசு எதுக்கு நாற்காலி குடுக்குது?”