குளோரியா அக்காவோட ஸ்போர்ட்ஸ் கார்

"இந்த ஓட்டை வண்டியை எப்பக்கா எடுப்பீங்க?"

"ஓடறப்போ எடுப்பேன்."

"எப்ப ஓடும்?"

"ரிப்பேர் ஆனா ஓடும். ஆகலையே, நான் இன்னா பண்றது?"

குளோரியா அக்கா கீரை ஆய்ஞ்சுக்கிட்டே, தலையைக்கூட நிமிர்த்தாம பதில் சொன்னாங்க. ஹரிஷ்குமாருக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

பெங்களூரு ஜோகுபாளையத்துல அந்தச் சந்துக்குக் குடி வந்த நாள்லேருந்து இதே ராமாயணம்தான். சந்து முனையில, குறுக்கால, சிவப்பு கலர்ல ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார். ரெண்டே கதவு. தரையோட தரையா படுத்துக் கிடக்கும். ஓரமா ஆள் போகலாம், ஸ்கூட்டர் போகலாம். காரு போகாது. ஹரிஷ்குமார் ஆபீஸ் விட்டு, சிக்னல் சிக்னலா சுத்தி, பின்பக்க வழியா வீடு வந்து சேர்றதுக்குள்ள பொண்ணு தீபிகா தூங்கிப் போயிருப்பா. அவளை முழிச்ச முகமா பாக்கறதே ஞாயித்துக்கிழமைதான்.

"நானே மெக்கானிக்கைக் கூட்டிட்டு வர்றேன்க்கா. செலவு என்னோடது."

"உன் இஷ்டம்பா."

முதல்ல ராகேஷ் வந்தான். பானெட்டைத் தூக்கினான். "டீ குடிச்சிட்டு வேலை பாருப்பா"ன்னு அக்கா உள்ள கூட்டிட்டுப் போனாங்க. குடிச்சிட்டு வந்தவன் நேரா பானெட்டை மூடினான்.

"ஆகல்ல சார், முடியாது. என்ஜின் செத்துப் போச்சு."

அடுத்து பிரேசர் டவுன்லேருந்து ஒரு பாய். "எப்பேர்ப்பட்ட வண்டியும் நம்ம கை பட்டா குதிரை சாப்!" உள்ள போனாரு. டீ குடிச்சாரு. வெளிய வந்தப்போ குதிரை கழுதையாயிருந்துச்சு.

"நக்கோ சாப். ஸ்பேர் கிடைக்காது. காசும் நக்கோ, வேணாம்."

மூணாவது ஆளு லேப்டாப்போட வந்தான். அவனும் டீ குடிச்சான். அவனும் காசு வாங்கல.

பெங்களூருல ஒரு மெக்கானிக் காசு வேணாங்கறான்னா வண்டி நெஜமாவே தேறாதுன்னுதான் அர்த்தம். ஆனா ஹரிஷ்குமார் விடற ஆளா?

"நானே ரிப்பேர் பண்றேன்!"

அக்கா மொத தடவையா நிமிர்ந்து பாத்தாங்க. "நீயா? மவுஸ் புடிக்கற கையில ஸ்பேனர் நிக்குமா தம்பி?"

சந்தே சிரிச்சுது.

"ஓட வெச்சிட்டா?"

"ஓட வெச்சா நீயே கொண்டுபோய் மெயின் ரோட்டுல விடு. இந்தா சாவி!"

ஞாயித்துக்கிழமை. அக்கா சர்ச்சுக்குப் போயிட்டாங்க. ஹரிஷ்குமார் போன்ல வீடியோவை ஓட விட்டுட்டு பானெட்டுக்குள்ள தலையை விட்டான். ஆயில் பாத்தான். புது ஆயில். பேட்டரி பாத்தான். ஃபுல் சார்ஜ். ஓடாத வண்டிக்கு எதுக்கு இதெல்லாம்னு யோசிக்கறதுக்குள்ள கண்ணுல பட்டுச்சு, கழண்டு தொங்கற ஒரே ஒரு வயர்.

மாட்டினான். சாவியைத் திருகினான்.

வ்ர்ர்ரூம்ம்ம்!

சந்துல இருக்கற ஜன்னலெல்லாம் அதிர்ந்துச்சு. மூணு மெக்கானிக்கால ஆகாதது! ஹரிஷ்குமார் கைதட்டலுக்காகத் திரும்பிப் பாத்தான்.

ஒருத்தரும் தட்டல.

கிரிக்கெட் ஆடிட்டிருந்த பசங்க பேசாம ஸ்டம்பைப் புடுங்கினாங்க. பக்கத்து வீட்டு தனக்கோடியம்மா துணி காயப்போட்ட ஸ்டாண்டை உள்ள இழுத்துக்கிட்டாங்க.

'பொறாமை!'ன்னு நெனச்சுக்கிட்டு, வண்டியை மெயின் ரோட்டு ஓரமா விட்டுட்டு, காலரைத் தூக்கி விட்டுக்கிட்டு நடந்து வந்தான்.

சந்துக்குள்ள கால் வெச்சிருப்பான். ரெண்டு கேப் டாக்சி அவனை உரசிக்கிட்டுப் பறந்துச்சு. பின்னாலயே ஹாரனை அமுக்கிப் புடிச்சபடி ஒரு தண்ணி டேங்கர். எதிர்வீட்டு வெங்கடசாமி பாஞ்சு போய், சந்துல நின்னிட்டிருந்த தீபிகாவை வாசப்படிக்கு இழுத்தாரு.

"யோவ்! புள்ளைங்க நிக்கறது தெரியல?" ஹரிஷ்குமார் அலறினான். டேங்கர் எப்பவோ போயிடுச்சு.

"கத்தி ஒண்ணும் ஆகாது சார்," வெங்கடசாமி சொன்னாரு. "சிக்னலுக்குத் தப்பிக்க எல்லாருக்கும் நம்ம சந்துதான் குறுக்கு வழி. போன் மேப்பு இன்னும் இப்படித்தான் காட்டுது. அந்தா, நாற்காலியில உக்காந்திருக்கானே அம்பயர், என் பையன்தான். முன்னெல்லாம் அவன்தான் பவுலிங். ஒரு கேப்காரன் இடிச்சிட்டு நிக்காமப் போயிட்டான்."

ஹரிஷ்குமார் அந்த அம்பயர் பையனைத் திரும்பிப் பாத்தான்.

"அன்னிக்கு சாயங்காலமே குளோரியாக்கா வண்டியைக் கொண்டாந்து குறுக்கால போட்டாங்க. ஆம்புலன்ஸ் வந்தா மட்டும் வயரை மாட்டி எடுப்பாங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"மெக்கானிக்குங்ககிட்டல்லாம் சொன்னாங்களே! நீங்க படிச்சவரு சார். கம்ப்ளெயிண்ட் குடுத்துடுவீங்கன்னு பயம்."

மெயின் ரோட்டுல இன்னொரு டேங்கர் இண்டிகேட்டர் போடறது தெரிஞ்சுது.

ஹரிஷ்குமார் ஓடினான். அந்தச் சிவப்பு காரை ரிவர்ஸ்லயே கொண்டாந்து, டேங்கர் மூக்குக்கு முன்னால, சந்து முனையில குறுக்கால போட்டான். இறங்கினான். பானெட்டைத் தூக்கி வயரை உருவினான்.

டிரைவர் தலையை நீட்டினான். "ஏய், காடி தெகியோ! வண்டிய எடுய்யா!"

அந்த நேரம் பாத்து சர்ச்சுலேருந்து குளோரியா அக்கா வந்து சேர்ந்தாங்க. காரைப் பாத்தாங்க. ஹரிஷ்குமாரோட கிரீஸ் கையைப் பாத்தாங்க. ஒரு நொடிதான். டிரைவர் பக்கம் திரும்பி ஒப்பாரியே வெச்சுட்டாங்க.

"ஐயோ, நல்லா ஓடிட்டிருந்த வண்டிப்பா! ரிப்பேர் பண்றேன்னு இந்த ஐடி தம்பி கை வெச்சு நாசம் பண்ணிட்டாரு!"

மொத்த சந்தும் ஹரிஷ்குமாரையே பாத்துச்சு.

அவன் கார் மேல சாஞ்சு, கையைக் கட்டிக்கிட்டு, டிரைவரை நேருக்கு நேரா பாத்தான்.

"ஆமா குரு. எனக்கு ரிப்பேர் வேலை சுத்தமா வராது. நீ சுத்திக்கிட்டுப் போ!"