மிளகாய் எழுதிய சீட்டு

"நீங்களே கிழிச்சுப் போட்டுடுங்க மேடம். நான் பாக்கவே இல்லைன்னு சொல்லிடறேன்," என்றாள் வாயாடி.

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் அவளுக்கு நூலகத்தில் எல்லோரும் வைத்த பெயர் அது. நூலகருக்கும் கை பரபரத்தது. ஆனால் நாற்பத்திரண்டு பிள்ளைகள் ஓட்டுப் போட்டு, இந்த மாதத்தின் சிறந்த சீட்டு என்று அதைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

இளையோர் பிரிவில் வழக்கம் அப்படி. புதுப் புத்தகத்தைப் படித்தவர்கள் புனைபெயரில் ஒரு சீட்டு எழுதி உள்ளே செருகிவிட்டுப் போவார்கள். பாராட்டலாம், திட்டலாம், கேள்வி கிடையாது.

இந்தச் சீட்டு திட்டு ரகம்.

'முதல் நாற்பது பக்கம் மழை பெய்கிறது, குடை கொண்டு வரவும். நாற்பத்தொன்றில் ஒரு கொலை. செத்தவர் கொடுத்து வைத்தவர், மிச்சத்தைப் படிக்க வேண்டியதில்லை. இப்படிக்கு, மிளகாய்.'

அந்தப் புத்தகத்தை எழுதிய அம்மாள்தான் இன்று சிறப்பு விருந்தினர். பரிசு கொடுக்கப் போவதும் அவரேதான். போன மாதம் தாமே வந்து இரண்டு பிரதிகளை இலவசமாகக் கொடுத்துவிட்டு, பிள்ளைகளின் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போன நல்ல மனுஷி.

தலைமை நூலகர் வேறு காலையிலேயே சொல்லிவிட்டார். "முதல் விழாவிலேயே ஏதாவது ரசாபாசம் ஆச்சுன்னா, அந்த ரூம்ல பழைய பேப்பர் கட்டை அடுக்கிடுவேன்." ஆறு மாதம் நாயாய் அலைந்து வாங்கிய அறை.

"யாரு இந்த மிளகாய்?"

"தெரியலை மேடம். புக்கை ஷெல்ஃப்ல வெச்ச அன்னிக்குச் சாயங்காலமே சீட்டு உள்ளே இருந்துச்சு. அதுக்குள்ள யாரும் எடுத்துட்டுக்கூடப் போகலை."

"நின்னுக்கிட்டே படிச்சிருக்கும் அந்தக் குறும்பு."

"ஆனா ஒண்ணு மேடம். அவ்வளவு மோசமாவா இருக்கும்னு பாக்கத்தான் ஆளாளுக்கு அடிச்சுக்கிறாங்க. எடுத்துட்டுப் போனவங்க நல்லாத்தான் இருக்குங்கறாங்க."

எழுத்தாளர் வந்து இறங்கினார். செருப்பைக் கழற்றும் முன்பே, "என் புக்கைப் பிள்ளைங்க எடுக்கிறாங்களா?" என்று கேட்டார்.

"முப்பத்தோரு பேர் வரிசையில காத்திருக்காங்கம்மா."

"பரவாயில்லையே. இதுக்கு முன்னாடி எழுதின மூணும் உங்க ஷெல்ஃப்லதான் தூங்குது. பெரிய பெரிய ஆளுங்க முன்னுரையில அப்படிப் புகழ்ந்திருந்தாங்க. ஒரு பிள்ளை தொடலை." சொல்லிவிட்டுச் சிரித்தார். இவ்வளவு வெள்ளந்தியான மனுஷியின் மனம் நோகப் போகிறதே என்று நூலகருக்குப் பாவமாக இருந்தது.

அறை நிரம்பி, வாசல்வரை பிள்ளைகள் நின்றார்கள். நூலகர் ஒரு திட்டத்தோடு மேடை ஏறினார். பெயரை மட்டும் சொல்லிப் பரிசைக் கொடுத்து, உடனே தேநீருக்கு அனுப்பிவிடுவது.

"முதல் பரிசு, மிளகாய்."

"சீட்டை வாசிங்க மேடம்," என்று அறையே கத்தியது. விவரம் தெரியாத தலைமை நூலகரும், "வாசிங்க, வாசிங்க," என்று தாராளமாகத் தலையாட்டினார்.

வேறு வழியில்லை. நூலகர் வாசித்தார். 'கொடுத்து வைத்தவர்' என்ற இடத்தில் குரல் கிணற்றுக்குள் போய்விட்டது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்புறம்தான் மேடையில் இருப்பவர் யாரென்று உறைத்து, கப்சிப் என்று அடங்கினார்கள்.

எழுத்தாளர் தலையைக் குனிந்து கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. ஐயோ, அழுகிறார் என்று நூலகர் பதறிப் போனார்.

"மன்னிச்சுக்குங்கம்மா. சின்னப் பசங்க, ஏதோ தெரியாம எழுதிட்டாங்க." பிறகு கூட்டத்தைப் பார்த்து, "யாருப்பா மிளகாய்? மேடைக்கு வந்து அம்மாகிட்ட மன்னிப்புக் கேளு," என்றார்.

யாரும் அசையவில்லை. இரண்டாம் முறை கூப்பிட்டார். பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தலைமை நூலகரின் பார்வை, பேப்பர் கட்டுகளுக்கு இடம் அளப்பது போல் சுவரில் ஓடியது.

எழுத்தாளர் நிமிர்ந்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். அதைத் துடைத்துக்கொண்டு, நூலகர் கையிலிருந்த மைக்கை வாங்கினார்.

"பரிசை ரெண்டாவதா வந்த பிள்ளைக்குக் கொடுத்துடுங்கம்மா. மிளகாய் நான்தான்."