இரண்டாவது பொட்டலம்

கோயில் மணி திடீரென்று கணீரென அடித்ததில் இந்திராணி திடுக்கிட்டாள். அம்மன் காலடியில் வாழையிலையில் மடித்துக் கட்டிய இரண்டு பூப்பொட்டலங்கள் கிடந்தன. இரண்டையும் கட்டி வைத்தது அவள் மாமியார். பூசாரி கையில் வெள்ளைப் பூ வந்தால் அவள் கணவன் சற்குணம் இதய ஆபரேஷனுக்குச் சம்மதிப்பான். சிவப்பு வந்தால் மாட்டான். தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லியும் அவன் கேட்கவில்லை. அவனுடைய அப்பா போனதும் இதே நெஞ்சுவலியில்தான்.

"அடைப்பு இருக்குன்னு படத்துல தெரியுது. பூ வந்து அதை இல்லைன்னு ஆக்கிடுமாங்க?" என்று காலையில்கூடக் கேட்டாள்.

"பூக் கேக்காம எங்க வீட்ல யாரும் கத்திக்கு உடம்பைக் கொடுத்ததில்ல" என்றான் சற்குணம்.

பூசாரி கண்ணை மூடி ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். வெள்ளை நந்தியாவட்டை. சற்குணத்தின் முகம் தெளிந்துவிட்டது.

"பாத்தியா, ஆத்தாளே சொல்லிட்டா. நாளைக்கே ஆஸ்பத்திரியில சேர்ந்துடலாம்" என்று சொல்லிவிட்டுப் பிரகாரம் சுற்றக் கிளம்பினான்.

இந்திராணிக்கு உயிர் வந்தது. ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. யாரும் சீண்டாமல் கிடந்த இன்னொரு பொட்டலத்தை எடுத்து நாரை அவிழ்த்தாள். அதிலும் வெள்ளை நந்தியாவட்டைதான் இருந்தது.

திரும்பி மாமியாரைப் பார்த்தாள். அவர் அவசரப்படாமல் பொட்டலத்தை வாங்கி, மறுபடி மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டார்.

"உன் மாமனாருக்கு நான் நெசமாவே கேட்டேன், தாயி. செவப்பு வந்துச்சு."