ஆரம்பித்த நேரம்

எப்போது ஆரம்பித்தது என்று டாக்டர் கேட்டார்.

டயர் கடைக்காரரின் மனைவி வாயைத் திறந்தாள். பதில் நாக்கு நுனியில்தான் இருந்தது. வந்தது வேறு.

தூங்கி எழுந்தபோதே இப்படித்தான் கிடந்தார், ராத்திரி எந்நேரத்தில் வந்ததோ தெரியாது என்றாள்.

வாய் கூசாமல் வந்தது பொய்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். முகம் வாடிவிட்டது. திரைக்குப் பின்னால் வாய் கோணிக் கிடந்தவரை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, பொறுமையாக விளக்கினார். மூளைக்குப் போகிற குழாயில் ரத்தம் உறைந்து அடைத்திருக்கிறதாம். அதைக் கரைக்க ஊசி இருக்கிறது. ஆனால் அடைத்த நாலரை மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். நேரம் தெரியாமல் போட்டு மூளைக்குள் ரத்தம் கசிந்தால் ஆளே போய்விடலாம். போடாவிட்டால் வலது கையும் காலும் இப்படியே நின்றுவிடலாம்.

அவளுக்கா தெரியாது?

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே ஆஸ்பத்திரி, இதே வலது கை. அன்று சாப்பிடும்போது அவர் கையிலிருந்து டம்ளர் நழுவியதுமே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தவள் அவள். பக்கத்து வீட்டுக்காரரின் காரில் அவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்து, கேட்ட கேள்விக்கெல்லாம் டாண் டாண் என்று பதில் சொன்னாள். ஊசி போட்டார்கள். சாயங்காலம் கை எழுந்தது.

பக்கவாதம் பற்றி ஆஸ்பத்திரியில் ஒரு கூட்டம் போட்டு அவளை மேடையேற்றினார்கள். யாருக்காவது வாய் கோணினால் அழுவதற்கு முன்னால் கடிகாரத்தைப் பாருங்கள் என்று மைக்கில் பேசினாள். எல்லோரும் கைதட்டினார்கள். முன்வரிசையில் இருந்த அவரும் குணமான கையால் ஓங்கித் தட்டினார்.

கை பழையபடி ஆகிவிட்டதே, நீ கொடுத்து வைத்தவள் என்றார்கள். ஆமாம், வீட்டில் எல்லாமே பழையபடி ஆகிவிட்டது.

இப்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அவருடைய தங்கை யாரோ முன்பின் தெரியாதவர்களிடம் அந்தக் கூட்டத்தைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். எங்கள் அண்ணி எமனையே வாசலில் நிறுத்தி வைத்தவள், இந்தத் தடவையும் விடமாட்டாள் என்று அவள் சொன்னது உள்ளே வரைக்கும் கேட்டது.

டாக்டர் விடவில்லை. காலையில் எழுந்து நடந்தாரா, ஒரு வார்த்தையாவது பேசினாரா, எதையாவது கையில் பிடித்தாரா, நன்றாக யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

இல்லை என்றாள். இல்லை என்றாள். மூன்றாவது இல்லைக்கு யோசிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

பாவி என்று அவளைச் சபிப்பவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தவள் அவள்தான். பெல்ட்டைத் தளர்த்தி, தலையை ஒருக்களித்து வைத்து, செருப்புக்கூடப் போடாமல் கூட வந்தவளும் அவள்தான். இந்தக் கேள்வி வரும்வரை, இப்படி ஒரு பதில் தன்னிடம் இருப்பது அவளுக்கே தெரியாது.

சரி, நேரம் தெரியாவிட்டால் என்ன செய்ய முடியும் என்றார் டாக்டர். தைரியமாக இருங்கள் என்று அவள் கையைப் பிடித்தார்.

அவள் துடித்துப்போய்க் கையை இழுத்துக்கொண்டாள். சுற்றியிருந்த முந்தானை விலகிவிட்டது.

மணிக்கட்டில் நாலு விரல்கள் பதிந்திருந்தன, உள்பக்கம் ஒரு கட்டைவிரல். கன்றிப்போய் நீலமாகவில்லை, சிவப்பாகவே இருந்தது. நகம் கீறிய இடத்தில் ரத்தம் இன்னும் காயவில்லை.

டாக்டர் அதையே பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

“இது எப்பம்மா நடந்துச்சு?”

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளிடம் யாரும் இதைக் கேட்டதில்லை. பெற்றவள் அனுசரித்துப் போ என்றாள். பக்கத்து வீட்டில் டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டார்கள். நாத்தனார் ஒரு தடவை வீங்கிய கன்னத்தைப் பார்த்துவிட்டு, அடிக்கிற கைதான் அணைக்கும் அண்ணி என்று சொல்லிவிட்டுக் காபி கேட்டாள். எப்போது, எதற்கு, வலிக்கிறதா என்று கேட்க ஒரு நாதி இல்லை.

இந்தக் கேள்விக்குப் பொய் சொல்ல அவளால் முடியவில்லை.

“இன்னிக்குத்தான் டாக்டர். ரெண்டு மணி நேரம் இருக்கும். மாத்திரை போட்டீங்களான்னுதான் கேட்டேன், புடிச்சு முறுக்கிட்டாரு. முறுக்கிட்டே இருந்தவரு, அப்படியே விரலெல்லாம் ஒண்ணொண்ணா விட்டுப்போச்சு. அந்தக் கை தானா விட்டது இதான் மொத தடவை.”

டாக்டர் அவள் கையை மெதுவாக மேஜைமேல் வைத்தார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த கேள்விக்குக் காத்திருந்தாள். தோள்பட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சரியாகக் கேட்காத காதைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கிருந்து தொடங்குவது என்றுதான் தெரியவில்லை.

டாக்டர் திரையை விலக்கிக்கொண்டு ஓடினார்.

“சிஸ்டர், ஊசிய ரெடி பண்ணுங்க. நேரம் இருக்கு.”